கை விழுந்தாலும் மூளை செத்திருக்காது! - பக்கவாதத்தில் குரங்கும் முயலும் எலியும் காட்டிக்கொடுத்த 'புறநிழல்'

பக்கவாதம் வந்த ஒருவரை அந்த நிமிடத்தில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? டீ கிளாஸைப் பிடித்திருந்த கை சட்டென்று தொய்ந்துவிடும். வாய் ஒரு பக்கமாகக் கோணும். 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்டால் குழறலாக ஏதோ வரும். பார்க்கிற நமக்கு என்ன தோணும்? 'அந்தக் கையை இயக்குற மூளைப் பகுதி போச்சு'ன்னுதான் தோணும். வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். "விழுந்த கை விழுந்ததுதான். இனிமே எண்ணெய் தேய்ச்சுவிட வேண்டியதுதான்."

பெரிய விஷயம் ஒன்றை நாம் கோட்டை விடுவது இங்கேதான். ரத்தக்குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்தில், முதல் சில மணி நேரங்களில், அந்தக் கையை இயக்க வேண்டிய நரம்பணுக்களில் கணிசமானவை உயிரோடுதான் இருக்கும். வேலையை நிறுத்திவிட்டன, அவ்வளவுதான்.

வீட்டில் லோ வோல்டேஜ் வரும்போது என்ன நடக்கிறது? மோட்டார் ஓடாது, ஃபேன் ஊர்ந்துபோகும், ஏசி பக்கம் போகவே முடியாது. ஆனால் குண்டு பல்பு ஒன்று மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். கரன்ட் முழுக்கப் போகவில்லை, பெரிய வேலைக்குப் போதவில்லை. அடைபட்ட குழாயைச் சுற்றியிருக்கும் மூளைப் பகுதியும் இப்படித்தான். நடுவில் ஒரு திட்டு, ரத்தம் சுத்தமாக நின்று, நிமிடங்களில் செத்துப்போகிறது. அதைச் சுற்றி ஒரு பெரிய வளையம். பக்கத்துக் குழாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் கொஞ்ச நஞ்ச ரத்தத்தில் அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையை அசைக்கத் தெம்பில்லை. சாகவும் இல்லை. டாக்டர்கள் ஓடுவது இந்த வளையத்துக்காகத்தான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பெனம்ப்ரா. தமிழில் புறநிழல்.

கிரகணத்திலிருந்து வந்த பெயர்

புறநிழல் என்பது கிரகணத்துக்குச் சொந்தமான வார்த்தை. முழு நிழல் விழும் இடம் கருநிழல். அதைச் சுற்றி அரைகுறை வெளிச்சம் விழும் இடம் புறநிழல். 2019 டிசம்பர் 26-ம் தேதி சூரிய கிரகணம் ஞாபகம் இருக்கிறதா? கோவை, திண்டுக்கல் பக்கம் இருந்தவர்கள் நெருப்பு வளையம் பார்த்தார்கள். புதுச்சேரியில் இருந்தவர்களுக்கு வளையம் கிடைக்கவில்லை. பிறை மாதிரி மிச்ச சூரியன்தான் கிடைத்தது. அன்றைக்கு ஊரே நின்றது புறநிழலில்.

இந்த ஊருக்கும் கிரகணத்துக்கும் பழைய உறவும் உண்டு. வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே பிரான்சிலிருந்து கிளம்பி, பல வருடம் அலைந்து, புதுச்சேரியில் காத்திருந்தவர் லெ ஜான்டி என்ற வானியலாளர். 1769 ஜூனில் அந்த நாளும் வந்தது. மேகம் மூடிக்கொண்டது! பாவம் மனுஷன். ஆனால் இங்கே இருந்த நாட்களில், தமிழர்கள் கிரகணத்தைக் கணக்கிடும் முறையை அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு 1825-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடச் சொற்களை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு 2 வருடம் முன்பு, 1823-ல், இதே ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளியை ஆரம்பித்திருந்தார்கள். அதன் வாரிசுதான் இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். 1964-ல் அந்தப் பெயர் வந்தது.

ஆனால் மூளைக்குள் இருக்கும் புறநிழலைக் கண்டுபிடித்தது புதுச்சேரியில் அல்ல. அந்தக் கதை லண்டனில், பபூன் குரங்குகளிடம் ஆரம்பிக்கிறது.

ஏன் குரங்கு? மனிதர்களையே பார்க்கலாமே?

நியாயமான கேள்விதான். பக்கவாத நோயாளிகளுக்கா பஞ்சம்? பிரச்னை என்னவென்றால், நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது கதையின் முதல் பாதி முடிந்திருக்கும். குழாய் எந்த நிமிடத்தில் அடைத்தது? தெரியாது. அடைப்பதற்கு முன் அந்த இடத்தில் எவ்வளவு ரத்தம் ஓடியது? தெரியாது. ஒருவருக்கு சுகர், இன்னொருவருக்கு 20 வருட சிகரெட், மூன்றாமவருக்கு இதயத் துடிப்பு சீரில்லை. ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லை. 'ரத்தம் இவ்வளவு குறைந்தால், இத்தனை நிமிடம் கழித்து, இந்த செல்லுக்கு என்ன ஆகும்?' என்று தெரிய வேண்டுமானால், குழாயை ஒரு குறிப்பிட்ட நொடியில் நீங்களே அடைக்க வேண்டும். அப்போது மூளைக்குள் கருவி தயாராக இருக்க வேண்டும். அதை எந்த மனிதரிடமும் செய்ய முடியாது.

1970-களில் லண்டன் குயின் ஸ்கொயரில் லிண்ட்சே சைமன் என்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணரின் குழு, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பபூன்களில் இதைச் செய்தது. மூளையின் நடுத்தமனியை அடைத்துவிட்டு, இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் அளந்தார்கள்.

முதலாவது, மூளையின் மின் அலை. நரம்பைத் தூண்டினால் மூளையின் மேற்பரப்பில் அதற்குப் பதிலாக ஓர் அலை எழும். மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு சுமார் 50 மில்லி ரத்தம் ஓடுவதுதான் சராசரி. அது குறையக் குறைய அலை பலவீனமாகி, 15 மில்லிக்கு அருகில் வரும்போது அடங்கிவிட்டது. இங்கே நிறுத்தியிருந்தால், 'செத்துடுச்சு'ன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க.

இரண்டாவது அளவீடுதான் கதையை மாற்றியது. உயிருள்ள நரம்பணு பொட்டாசியத்தைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கும். அதற்கென்று செல்லின் சுவரில் பம்புகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். பம்பு நின்றால் பொட்டாசியம் வெளியே கொட்டும்; அந்த செல்லின் கதை முடியப்போகிறது என்று அர்த்தம். அலை அடங்கிய 15 மில்லியில் பொட்டாசியம் கொட்டவில்லை. ரத்த ஓட்டம் இன்னும் சரிந்து சுமார் 6 மில்லிக்கு வந்தபோதுதான் கொட்டியது.

அந்த 15-க்கும் 6-க்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது பாருங்கள், அங்கே செல் பேசாது. ஆனால் பம்பு ஓடிக்கொண்டிருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆஸ்ட்ரப், ஸ்வீடனின் சீஷோ, சைமன் மூவரும் 1981-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த நடுப் பகுதிக்குப் 'பெனம்ப்ரா' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதே 1981-ல் அமெரிக்காவில் குரங்குகளிடம் நடந்த இன்னொரு ஆய்வு, நேரத்தையும் கணக்கில் சேர்த்தது. மயக்கத்தில் இல்லாத, விழித்திருக்கும் குரங்குகள். ரத்த ஓட்டம் 23 மில்லிக்குக் கீழே இறங்கினால் கை கால் விழுந்தது. ரத்தம் திரும்பினால் மீண்டும் எழுந்தது. 10-12 மில்லிக்குக் கீழே 2, 3 மணி நேரம் நீடித்தால் திசு செத்தது. 17-18-க்குக் கீழே நிரந்தரமாக நின்றுவிட்டாலும் செத்தது. (குரங்குக்குக் குரங்கு, கருவிக்குக் கருவி இந்த எண்கள் கொஞ்சம் மாறும். நீட் மாதிரி மனப்பாடம் பண்ண வேண்டாம்.) மனதில் வைக்க வேண்டியது இதுதான்: புறநிழல் என்பது நிலையான இடம் அல்ல. மணிக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும் இடம். நடுவில் இருக்கும் செத்த திட்டு அதைத் தின்றுகொண்டே வளரும்.

எவ்வளவு வேகத்தில்? பெரிய குழாய் அடைத்த ஒரு சராசரி நோயாளிக்கு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டார். சராசரிதான், ஆளுக்கு ஆள் பயங்கரமாக மாறும். ஏன் மாறுகிறது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

தங்கூஸ் நரம்பும் சிவப்புச் சாயமும்

குரங்குகள் விலை அதிகம், வளர்ப்பது கஷ்டம், மனசாட்சிக்கும் கஷ்டம். அதனால் வேலை எலிகளிடம் போனது. 1986-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கொண்டுவந்த ஒரு முறைதான், சின்னச் சின்ன மாற்றங்களோடு, இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. மயக்கத்தில் இருக்கும் எலியின் கழுத்துத் தமனிக்குள் மெல்லிய நைலான் இழை ஒன்றை நுழைப்பார்கள். நம்ம வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் பக்கம் தூண்டில் போடுபவர்கள் கையில் இருக்கும் தங்கூஸ் நரம்பு மாதிரியேதான், ஆனால் ரொம்ப மெல்லியது. அதை மேலே தள்ளிக்கொண்டே போனால் மூளையின் நடுத்தமனி பிரியும் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஸ்ட்ரோக் ஆரம்பம். இழையை வெளியே உருவினால் ரத்தம் திரும்பும். அடைத்த நிமிடமும் தெரியும், திறந்த நிமிடமும் தெரியும்.

பிறகு அந்த மூளையை வெட்டி, துண்டுகளை ஒரு ரசாயனத்தில் ஊறவைப்பார்கள். உயிருள்ள திசு செங்கல் சிவப்பாக மாறும். செத்த திசு வெள்ளையாகவே நிற்கும். அரை மணி நேரம் அடைத்த எலியில் வெள்ளைத் திட்டு சின்னதாக இருக்கும். 2 மணி நேரம் அடைத்ததில் அது பரந்து விரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்தான், சீக்கிரம் திறந்ததால் பிழைத்த மூளை. இதைவிடத் தெளிவான படம் வேறு கிடையாது என்பது என் கருத்து.

வெட்டாமல் பார்க்க முடியுமா? 1990-ல் பூனைகளிடம் செய்த ஆய்வு, எம்.ஆர்.ஐ.-யில் நீரின் அசைவை அளக்கும் ஒரு வகைப் படம் அடைப்பு ஏற்பட்ட சிறிது நேரத்திலேயே பாதிப்பைக் காட்டும் என்று நிரூபித்தது. அந்தப் படத்தையும், ரத்தம் எங்கே குறைவாக ஓடுகிறது என்று காட்டும் இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும். ரத்தம் குறைந்த இடம் பெரிதாகவும், சேதமான இடம் சின்னதாகவும் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய புறநிழல். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஸ்ட்ரோக் நோயாளிக்குப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

முயலிடமிருந்து ஊசி

'சரி, இதனால மனுஷனுக்கு என்ன லாபம்?' என்கிறீர்களா?

1985-ல் ஜஸ்டின் ஜிவின் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, முயல்களின் மூளைக்குள் சின்னச் சின்ன ரத்தக் கட்டிகளை அனுப்பி, பிறகு டி.பி.ஏ. என்ற கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. சீக்கிரம் கொடுத்த முயல்களுக்குப் பாதிப்பு குறைந்தது. 10 வருடம் கழித்து, 1995 டிசம்பரில், அதே மருந்தை 3 மணி நேரத்துக்குள் மனிதர்களுக்குக் கொடுத்த பெரிய சோதனையின் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்கள் 3 மாதம் கழித்துக் குறை ஏதுமில்லாமலோ, மிகக் குறைந்த குறையோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவிகிதம் கூடியது. இலவசமாக இல்லை: 100 பேரில் 6 பேருக்கு மூளைக்குள் ஆபத்தான ரத்தக்கசிவு வந்தது, மருந்து பெறாதவர்களில் ஒருவருக்கும் குறைவு. ரத்தக்குழாய் வெடித்து வந்த பக்கவாதத்துக்கு இந்த ஊசி போட்டால் விபரீதம். அதனால்தான் ஊசிக்கு முன் சிடி ஸ்கேன் கட்டாயம்.

2008-ல் அந்த 3 மணி நேரம் 4.5 ஆனது. இந்தியாவில், டி.பி.ஏ.-யின் தம்பியான டெனெக்டெப்ளேஸ் உள்நாட்டிலேயே தயாராகி, 2016-ல் ஸ்ட்ரோக்குக்கு அனுமதி பெற்றது. ஒரே தடவையில் போட்டுவிடலாம், சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டியதில்லை. தொடை வழியாகக் குழாயை விட்டுக் கட்டியை நேரடியாக வெளியே இழுக்கும் முறை 2015-ல் வரிசையாக வந்த சோதனைகளில் ஜெயித்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 2018. 'டான்' என்ற சோதனை. கடைசியாக நன்றாக இருந்து 6 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை கடந்துவிட்ட நோயாளிகள். பழைய கணக்குப்படி டைம் அவுட். ஆனால் ஸ்கேனில் செத்த திட்டு சின்னதாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கட்டியை இழுத்தார்கள். 3 மாதம் கழித்து, கட்டி எடுக்கப்பட்டவர்களில் 49 சதவிகிதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். எடுக்கப்படாதவர்களில் 13 சதவிகிதம். சிலருக்குப் பக்கத்துக் குழாய்கள் நன்றாக உதவுகின்றன. மெயின் ரோடு அடைத்தாலும் சந்து பொந்து வழியாக ரத்தம் போய்ச் சேர்கிறது. அவர்களுக்குப் புறநிழல் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அப்பாகிட்ட அந்தச் சந்துகள் எப்படி இருக்குன்னு வீட்டுல இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. அதனால், '24 மணி நேரம் டைம் இருக்காமே'ன்னு யாராவது ஆரம்பிச்சா, தயவுசெய்து அந்தப் பேச்சை அங்கேயே கட் பண்ணுங்க.

எலியைக் காப்பாற்றிய மருந்து, மனிதரைக் கைவிட்டது

இதுவரை வெற்றிக் கதை. இனி மறுபக்கம். குழாயைத் திறப்பது ஒரு வழி. இன்னொரு வழி, குழாய் திறக்கும் வரை புறநிழலில் இருக்கும் செல்களைப் பாதுகாக்க ஒரு மருந்து. ஆம்புலன்ஸிலேயே போட்டுவிடலாம். எவ்வளவு நல்ல யோசனை! 2006-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, ஸ்ட்ரோக்குக்காக ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026. அவற்றில் 114 மனிதர்களிடமும் முயற்சி செய்யப்பட்டவை. எலிகளில் பல அற்புதமாக வேலை செய்தன. மனிதர்களிடம் அந்த அற்புதம் திரும்ப வரவில்லை. என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்து எலியில் ஜெயித்தது, குரங்கில் ஜெயித்தது, 2006-ல் ஒரு மனித சோதனையிலும் நம்பிக்கை கொடுத்தது. அடுத்த வருடம் 3,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தபோது பலன் பூஜ்யம். ஜப்பானில் எடராவோன் 2001 முதல் பயன்பாட்டில் இருக்கிறது, இங்கேயும் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் உலகம் முழுக்க 'இதுதான்' என்று ஒப்புக்கொண்ட ஒரு பாதுகாப்பு மருந்து இன்னும் இல்லை.

ஏன் இப்படி? சோதனைக்கு வரும் எலி இளவட்டம், ஆரோக்கியமானது, பெரும்பாலும் ஆண். பக்கவாதம் வரும் நம் தாத்தாவுக்கோ பிபி, சுகர், வயது எல்லாம் உண்டு. (பிபி உள்ள எலிகளும் இருக்கின்றன. 1960-களில் ஜப்பானின் கியோட்டோவில் அப்படி ஓர் இனத்தையே உருவாக்கினார்கள். ஆனால் எல்லா ஆய்விலும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.) எலிக்கு மருந்து அடைப்பு வந்த சில நிமிடங்களில் கிடைத்துவிடும், தாத்தாவுக்கு ஆட்டோ கிடைக்கவே அரை மணி ஆகும். மூளையே வேறு மாதிரி. மனித மூளையில் பாதியளவு, செல்களை இணைக்கும் வெண்மைப் பகுதி. எலிக்கு அது மிகக் கொஞ்சம்.

இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடிய காரணங்கள். 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்த காரணம்தான் தலையைச் சொறிய வைத்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரீல்ஸ் பார்க்கிற உங்களை மாதிரியே, எலியும் ராத்திரி ஜீவன். பகலில் தூங்கும். ஆய்வாளர்கள்? பகலில் வேலைக்கு வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் இருக்கும் எலிக்கு ஸ்ட்ரோக் வரவைத்து, மருந்து கொடுத்து, மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மனிதர்களுக்கான சோதனைகளிலோ பெரும்பாலான நோயாளிகள் விழித்திருக்கும் நேரத்தில் ஸ்ட்ரோக் வந்தவர்கள். பாஸ்டனில் உள்ள குழு ஒன்று, பழைய 3 சிகிச்சைகளை எடுத்து, எலிகளுக்கு இரவிலும் கொடுத்துப் பார்த்தது. பகலில் வேலை செய்த மூன்றும் இரவில் வேலை செய்யவில்லை. எலி விழித்திருக்கும் நேரத்தில் செத்த திட்டு வேகமாக வளர்கிறது, காப்பாற்ற வேண்டிய புறநிழல் அளவே சின்னதாக இருக்கிறது. எல்லாத் தோல்விக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை வருடமாகக் கடிகாரத்தை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை.

உங்கள் ஃபோனில் 'உண்ணாவிரதம் இருந்தால் ஸ்ட்ரோக்கில் மூளை தப்பிக்கும்' என்று ஒரு வீடியோ வந்தால், இதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டு உணவு கொடுக்கப்பட்ட எலிகளில் மூளைச் சேதம் குறைந்ததாக ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஸ்ட்ரோக்குக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே அந்த உணவுமுறையில் வைக்கப்பட்ட ஆய்வக எலிகள் அவை. சுகர் மாத்திரை போடும் உங்க அம்மாவுக்கு அதிலிருந்து நேரடியாக எதுவும் சொல்ல முடியாது.

விலங்குகள் படும் பாட்டை இதில் மறைக்க எதுவும் இல்லை. இந்தியாவில் இப்படிப்பட்ட ஆய்வுகள் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும், 1998-ம் ஆண்டு விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. மயக்க மருந்து, வலி நிவாரணம், எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2023-ல் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, செல் வளர்ப்பு, சிப்பில் உருவாக்கிய உறுப்பு, கம்ப்யூட்டர் மாதிரி போன்றவற்றுக்கும் இந்தியா கதவைத் திறந்திருக்கிறது. அவை வளர வேண்டும். ஆனால் ஒரு தட்டில் வளரும் செல்களுக்கு ரத்தக்குழாயும் கிடையாது, விழும் கையும் கிடையாது. புறநிழல் என்பதே ரத்த ஓட்டத்தின் பிரச்னை என்பதால், இந்த விஷயத்தில் எலி இல்லாமல் இப்போதைக்கு முடியாது என்றே நினைக்கிறேன். சரியாகத் திட்டமிடாத ஆய்வில் போகும் எலிதான் வீண். பகல்-இரவு கதை அதைத்தான் காட்டுகிறது.

புதுச்சேரியில் உங்கள் கையில் என்ன இருக்கிறது?

யூனியன் பிரதேசம் என்று பெயர் ஒன்றுதான், ஊர்கள் நான்கு. காரைக்காலில் இருந்து புதுச்சேரி ஏறக்குறைய 130 கி.மீ. அங்கே ஒருவருக்குக் கை விழுந்தால், 'ஜிப்மருக்கே போயிடலாம்' என்று கிளம்புவதற்குள் 3 மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். புதுச்சேரிக்குள்ளேயும் வார இறுதியில் ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை சிக்னல்களைத் தாண்டுவது எப்படின்னு உங்களுக்குத் தெரியும். விழுப்புரம், கடலூர், திண்டிவனத்திலிருந்தும் நோயாளிகள் கோரிமேட்டுக்கு வருகிறார்கள். எனவே பேர் பெற்ற ஆஸ்பத்திரியை நோக்கி ஓடுவதைவிட, 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் எடுத்து, கட்டி கரைக்கும் ஊசி போடக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைக்கும்போது 'ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு' என்ற வார்த்தையைச் சொல்லுங்கள்.

ஊசியால் விரல் நுனியிலும் காது மடலிலும் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு வருடக்கணக்கில் சுற்றுகிறது. அடைப்பு மூளைக்குள் இருக்கிறது; விரலில் குத்தி என்ன ஆகப்போகிறது? குத்தும் 10 நிமிடம்தான் நஷ்டம். வாயில் தண்ணீர், ஜூஸ் எதுவும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் விழுந்திருக்கலாம், நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, பிபி மாத்திரை விஷயம். ஸ்ட்ரோக் வந்தவரின் பிபி எகிறியிருக்கும். 'பிபி 190 இருக்கு'ன்னு பயந்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்துவிடுவோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புறநிழல் உயிரோடு இருப்பது பக்கத்துச் சந்துகள் வழியாக வரும் ரத்தத்தால். அந்த ரத்தத்தைத் தள்ளுவது அந்த பிரஷர்தான். வீட்டில் வைத்து அதைத் தடாலென்று இறக்கினால், 15 மில்லியில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த செல்லை 6 மில்லிக்குத் தள்ளுகிறோம். பிபி-யை எவ்வளவு, எப்போது குறைப்பது என்பது ஸ்கேன் பார்த்த டாக்டரின் வேலை.

இன்னொன்று. சில பேருக்குக் கை விழுந்து, 10 நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும். "ஒண்ணுமில்லப்பா, தூக்கத்துல மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு இட்லி சாப்பிடப் போவார். அடைத்த கட்டி தானாக நகர்ந்திருக்கிறது, புறநிழலில் இருந்த செல்கள் தப்பித்திருக்கின்றன. அடுத்த கட்டி அடுத்த சில நாட்களுக்குள் வரும் ஆபத்து அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும். வர மாட்டேன்னு அடம்பிடிப்பார், நீங்களும் பிடியுங்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, 'கடைசியா எப்போ நல்லா இருந்தார்?' என்பது. எப்போது விழுந்தார் என்பது அல்ல, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், ராத்திரி படுக்கப் போன நேரம்தான் கணக்கு. எலிக்கு அடைத்த நிமிடத்தை ஆய்வாளர் குறித்துவைத்திருப்பார். உங்க வீட்டுல அந்த வேலை உங்களுடையது. 'காலையிலங்க டாக்டர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். 'ஏழு இருபதுக்கு என்கிட்ட போன்ல தெளிவா பேசினார், கால் லாக்ல இருக்கு' என்று சொல்லுங்கள்.